நம்பர் நம்முடையது: செல்போன் இணைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். தெருவில் யாருக்காவது சிக்னல் இல்லை, ரீசார்ஜ் ஏறவில்லை, வேறு கம்பெனிக்கு மாற வேண்டும் என்றால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளும், நான் சொல்லிவரும் பதில்களும்தான் இவை. பிளான் விலைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றை எழுதவில்லை. டிராய் என்ற பெயர் அடிக்கடி வரும். 1997-ல் அமைக்கப்பட்ட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அது. செல்போன் கம்பெனிகளுக்கு விதி போடுகிற இடம்.

ஜியோவா, ஏர்டெல்லா, விஐ-யா, பிஎஸ்என்எல்லா? எதை வாங்கட்டும்?

நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள், எங்கே வேலை பார்க்கிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள். இந்தியா முழுக்க யார் பெரிய கம்பெனி என்பதால் உங்கள் வீட்டு அடுப்படியில் சிக்னல் வந்துவிடாது. ஒரே ஊரில் கீழத்தெருவில் ஒன்று நன்றாக எடுக்கும், மேலத்தெருவில் இன்னொன்று.

அதனால் சிம் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் கம்பெனியின் சிம் வைத்திருக்கும் உறவினரையோ நண்பரையோ ஒருநாள் ராத்திரி 9 மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தெருவே வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. காலை 6 மணிக்குச் சோதித்தால் எந்த கம்பெனியும் நல்ல கம்பெனியாகத்தான் தெரியும். அவர் போனிலிருந்து யாரையாவது கூப்பிட்டு, பேசிக்கொண்டே வாசலிலிருந்து கூடம், கூடத்திலிருந்து அடுப்படி, அப்புறம் கொல்லைப்புறம் வரை நடங்கள். கட்டிலில் படுத்தும் பேசிப் பாருங்கள். எந்த இடத்தில் குரல் வெட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை பார்க்கும் இடத்திலும் இதையே ஒருமுறை செய்துவிடுங்கள்.

போனின் மேல்முனையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று அழுத்தினால் ஒரு பக்கம் திறக்கும். அதில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணில் டிபிஎம் என்று இருக்கும். 4ஜி-யில் அது மைனஸ் 90 அல்லது அதைவிடச் சின்ன எண்ணாக, 85, 80 என்று இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 110-ஐத் தாண்டிவிட்டால் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும். 

ஒவ்வொரு கம்பெனியும் எங்கெங்கே சேவை இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. அதையும் பாருங்கள். ஊர் அளவுக்கு உதவும். உங்கள் வீட்டுச் சுவர் எத்தனை தடிமன் என்பது அந்த வரைபடத்துக்குத் தெரியாது.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: பக்கத்து டவுனில் அந்தக் கம்பெனியின் சொந்த ஷோரூம் இருக்கிறதா? சிம் தொலைந்தாலோ பெயர் மாற்ற வேண்டியிருந்தாலோ அங்கேதான் போக வேண்டும். அதற்காக 60 கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டிய நிலை வேண்டாம்.

பக்கத்து வீட்டில் நன்றாக எடுக்கிறது, எங்கள் வீட்டுக்குள் மட்டும் இல்லை. ஏன்?

பெரும்பாலும் சுவரும் கூரையும்தான் காரணம். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் போகும், சுவருக்குள்ளும் ஓரளவு நுழையும். 1800, 2300, 3500 என்று மேலே போகப் போக ஒரே நேரத்தில் நிறைய டேட்டா தாங்கும். ஆனால் கான்கிரீட்டைப் பார்த்தால் சோர்ந்துவிடும். இரும்புத் தகரக் கூரை என்றால் எல்லா அலையும் சிரமப்படும்.

வீட்டில் பிராட்பேண்ட் வைஃபை இருந்தால் போன் செட்டிங்கில் ‘வைஃபை காலிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். டவர் சிக்னல் இல்லாத அறையிலும் உங்கள் நம்பரிலேயே பேசலாம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. இதற்காகக் கம்பெனி மாறவே வேண்டியதில்லை என்று எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அப்பா பழைய பட்டன் போன் வைத்திருக்கிறார். அதில் ஜியோ சிம் போடலாமா?

அது 2ஜி மட்டும் உள்ள போன் என்றால் எடுக்காது. ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே 4ஜி-யில்தான் தொடங்கியது, அதற்கு 2ஜி, 3ஜி கிடையாது. பேசுவதற்கும் வோல்ட்டி, அதாவது 4ஜி-யிலேயே பேசும் வசதி உள்ள போன் வேண்டும். போனை மாற்ற அப்பாவுக்கு மனசில்லை என்றால், உங்கள் ஊரில் 2ஜி ஓடுகிற வேறு கம்பெனியைப் பாருங்கள்.

5ஜி அவசியமா?

பேச, வாட்ஸ்அப் பார்க்க, பணம் அனுப்ப 4ஜி போதும். நம் நாட்டில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. நல்ல கவரேஜ் உள்ள ஊரில் இருந்து, தினமும் பெரிய ஃபைல்கள் இறக்குகிறீர்கள் என்றால் உதவும். அதற்காகவே கடன் வாங்கிப் புதுப்போன் வாங்க வேண்டாம்.

ஒரு மாதத்துக்கு 28 நாள் என்பது என்ன கணக்கு?

28 நாள் பிளானை வருஷம் முழுக்கப் போட்டால் 13 தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. ஆக 12 மாதச் சம்பளத்தில் 13 ரீசார்ஜ். இதைப் பற்றி நிறையப் புகார் போய், ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றுமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட்டது. ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அவை அல்ல. கீழே தள்ளித் தேடிப் பாருங்கள்.

பிளானை ஒப்பிட ஒரே வழி, மொத்த ரூபாயை நாளால் வகுப்பது. உதாரணத்துக்கு, 28 நாளுக்கு 300 ரூபாய் என்றால் நாளுக்கு 10 ரூபாய் 71 காசு. 84 நாளுக்கு 800 என்றால் 9 ரூபாய் 52 காசு. மூன்று மாதப் பணத்தை ஒரே தடவையில் போட முடிந்தவருக்கு லாபம்தான். கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் அந்த 800 ரூபாய் சேர்ந்தாற்போல் இருப்பதில்லை. அதனாலேயே அவர்கள் அதிக விலை கொடுக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். வீட்டில் யாராவது ஒருவர் மொத்தமாகப் போட்டுக் கொடுத்து, மாதாமாதம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம். என் மாமியாருக்கும் சித்திக்கும் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அம்மா பேச மட்டும்தான் செய்வார். டேட்டாவுக்கும் ஏன் பணம் கட்ட வேண்டும்?

கட்ட வேண்டாம். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கண்டிப்பாக வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் ஏர்டெல், ஜியோ, விஐ மூன்றும் அப்படிப்பட்ட பேக்குகளை அறிவித்தன. மூன்று மாத அளவிலும் ஒரு வருஷ அளவிலும் கிடைக்கும். கடையில் “டேட்டா வேண்டாம், வாய்ஸ் மட்டும்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் வழக்கமான பிளானைத்தான் போடுவார்கள்.

போஸ்ட்பெய்ட் நல்லதா?

அலுவலகம் பில் கட்டுகிறவருக்கும், ரீசார்ஜ் மறந்துபோகிறவருக்கும் நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ப்ரீபெய்ட் பிளானில் சொல்லும் விலைக்குள்ளேயே வரி அடங்கிவிடும், போஸ்ட்பெய்ட் விளம்பரத்தில் போடும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து பில் வரும்.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவது எப்படி?

இந்த வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20 அன்று. இதன் அருமை நம் ஊர்க்காரர்களுக்கு 2018-ல் புரிந்தது. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி இங்கே மூலைமுடுக்கெல்லாம் பரவியிருந்த ஏர்செல், அந்த வருஷம் பிப்ரவரியில் திவாலுக்குப் போனது. காலையில் எழுந்து பார்த்தால் சிக்னல் இல்லை. பேங்க், கேஸ், ரேஷன் எல்லாவற்றுக்கும் கொடுத்திருந்த நம்பர் கையைவிட்டுப் போகிறதே என்று ஜனங்கள் கடைகளில் வரிசையில் நின்றார்கள். போர்ட் வசதி இருந்ததால்தான் நம்பர் பிழைத்தது. 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார் கம்பெனிகளும் கட்டணத்தை ஏற்றியபோது, விலையேற்றாத பிஎஸ்என்எல்லுக்குப் பலர் போனதும் இதே வழியில்தான்.

செய்முறை இதுதான். உங்கள் நம்பரிலிருந்து, ஆங்கில எழுத்தில் போர்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க நம்பரை எழுதி 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எஸ்எம்எஸ் வசதியே இல்லாத பிளானில் இருந்தாலும் இந்த ஒரு எஸ்எம்எஸ்ஸை அனுப்ப விட வேண்டும் என்பது 2021 டிசம்பரில் வந்த உத்தரவு. பதிலுக்கு யுபிசி என்ற எட்டு எழுத்துக் குறியீடு வரும். அது நான்கு நாள்தான் செல்லும். அதோடு ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனியின் கடைக்குப் போனால் புது சிம் கொடுப்பார்கள். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநிலம் ஒரு வட்டம்) என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும், வேறு மாநில வட்டத்துக்கு என்றால் ஐந்து. பழைய சிம் எப்போது செத்துப்போகிறதோ அப்போது புதுசைப் போடுங்கள்.

குறியீடு வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. இப்போதைய கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகவில்லை. போஸ்ட்பெய்ட் பாக்கி இருக்கிறது. கடந்த ஏழு நாளுக்குள் சிம்மை மாற்றியிருக்கிறீர்கள். இந்தக் கடைசி விதி 2024 ஜூலை 1-ல் வந்தது, திருடர்கள் டூப்ளிகேட் சிம் எடுத்து உடனே வேறு கம்பெனிக்குத் தாவுவதைத் தடுக்க.

பழைய கம்பெனியில் மிச்சமிருக்கும் பணமும் நாட்களும் கூட வராது. அதனால் பிளான் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது தொடங்குங்கள். எஸ்எம்எஸ் போனதும் ஒரு கால் வரும், “சார், உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் ஆஃபர்” என்று. பிடித்திருந்தால் தங்குங்கள், தப்பில்லை. அந்த ஆஃபர் ஆப்பில் ஏறிய பிறகு தங்குங்கள், வாய்வார்த்தையை வைத்து அல்ல.

ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் என்ன ஆகும்?

பிளான் முடிந்ததும் நாம் பேசுவது நிற்கும், சில நாளில் வருகிற காலும் நிற்கும். 90 நாளுக்கு எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் நம்பரையே மூடிவிடலாம். மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருப்பார்கள். பேலன்ஸ் இல்லாமல் மூடிவிட்டாலும் 15 நாளுக்குள் போய்க் கேட்டால் மீட்கலாம். அதையும் விட்டால் மூடிய நாளிலிருந்து 90 நாள் கழித்து அந்த நம்பரை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு அவர் போனை யாரும் தொடவில்லை. சார்ஜ் போடக்கூடக் கை வரவில்லை, பீரோவுக்குள் துணியில் சுற்றி வைத்தோம். ஏழெட்டு மாதம் போயிருக்கும். அப்பா பெயரில் இருந்த கேஸ் இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றப் போனால் ஓடிபி அந்த நம்பருக்குப் போகிறது. போனை எடுத்துப் பார்த்தால் சிம் இல்லை என்கிறது. சரி என்று என் போனிலிருந்து கூப்பிட்டேன். திரையில் ‘அப்பா’ என்று வந்தது. ரிங் போனது. யாரோ ஒரு இளைஞர் “ஹலோ, யாருங்க?” என்றார். நான் பேச முடியாமல் வைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டு விவரம் சொன்னேன். நல்ல பிள்ளை, அந்த ஓடிபியைச் சொன்னார். பேங்கிலிருந்தும் மின்வாரியத்திலிருந்தும் வந்த எஸ்எம்எஸ்களையும் எனக்கு அனுப்பி, “அண்ணே, இதெல்லாம் மாத்திடுங்க, எல்லாரும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்க” என்றார்.

அந்தக் கம்பெனி விதிப்படிதான் செய்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. அதனால் சொல்கிறேன்: வீட்டில் ஒருவர் காலமானால் அவர் நம்பருக்கு ஒரு வருஷமாவது உயிர் இருக்கட்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசின் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனால் இணைப்பை வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பேங்க், கேஸ், எல்ஐசி எல்லாவற்றிலும் நம்பரை மாற்றி முடித்த பிறகு, வேண்டாம் என்றால் விடுங்கள்.

இரண்டு சிம் தேவையா?

ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே கம்பெனியில் இருக்காதீர்கள் என்பேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல நாள் கரண்ட் இல்லை. டவருக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி சில மணி நேரம், அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் வந்தால் உண்டு. சென்னையில் இருந்த பிள்ளைகள் அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். எந்த டவர் முதலில் உயிர் பெறும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு கம்பெனி சிம் இருந்தால் இரண்டு வாய்ப்பு. இரண்டாவதுக்குப் பேச்சு மட்டும் உள்ள மலிவான பேக் போதும்.

என் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

2023 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், இப்போது ஆப்பும் இருக்கிறது. உங்கள் நம்பரைப் போட்டு ஓடிபி கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள எல்லா நம்பரும் வரும். தமிழ்நாட்டில் ஒருவருக்கு ஒன்பது வரை அனுமதி. உங்களுடையது அல்லாத நம்பரை அங்கேயே ‘என்னுடையது அல்ல’ என்று குறித்துவிடலாம்.

சிம் வாங்கும்போது “ரேகை சரியா விழல, இன்னொரு தடவை வைங்க” என்று சொன்னால் திரையைப் பாருங்கள். அந்த இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம்மை எடுத்து மோசடிக்காரர்களுக்கு விற்ற சம்பவங்கள் உண்டு. முதல் தடவை தோல்வி என்ற செய்தியைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

போன் தொலைந்துவிட்டது. முதலில் எதைச் செய்வது?

வேறு போனிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு சிம்மை முடக்குங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். அப்புறம் போலீஸ் புகார். அந்தப் புகார் எண்ணையும், டூப்ளிகேட் சிம்மையும், போனின் ஐஎம்இஐ எண்ணையும் வைத்து சஞ்சார் சாத்தியில் போனையே எந்த கம்பெனி சிம்மும் வேலை செய்யாதபடி முடக்கலாம். ஐஎம்இஐ எண்ணை இன்றைக்கே *#06# அழுத்திப் பார்த்து எழுதி வையுங்கள், தொலைந்த பிறகு பார்க்க முடியாது. டூப்ளிகேட் சிம் போட்டதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. கோளாறு அல்ல, ஓடிபி திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு. பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

“டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பர் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்தவும்” என்று கால் வந்தது.

பொய். டிராய் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வைத்துவிடுங்கள்.

விளம்பரக் கால்களை நிறுத்த முடியுமா?

1909-க்குப் போன் செய்து எல்லா வகையும் வேண்டாம் என்று பதிவு செய்யுங்கள். மீறி வந்தால் ஏழு நாளுக்குள் டிராயின் டிஎன்டி ஆப்பில் புகார் கொடுக்கலாம். 140-ல் தொடங்குவது விளம்பரக் கால். பேங்க், இன்சூரன்ஸ் போன்றவற்றின் சேவைக் கால்களுக்கு 1600-ல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பேங்க் மேனேஜர் என்று சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து கேள்வி கேட்டால் பதில் சொல்லாதீர்கள்.

தனுஷ்கோடிக்குப் போனபோது போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்தது. பணம் போகுமா?

உங்கள் சிம்மில் சர்வதேச ரோமிங் திறக்கப்படவில்லை என்றால் போகாது, வெறும் பெயர்தான் காட்டும். துபாய், சிங்கப்பூர் என்று போய்வந்து ரோமிங்கைத் திறந்தே வைத்திருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அங்கே போகும்போது நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றி உங்கள் கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள், டேட்டா ரோமிங்கை அணையுங்கள்.

கேட்காத சேவைக்குப் பணம் பிடித்துவிட்டார்கள். எங்கே புகார் கொடுப்பது?

காலர் டியூன், ஜோசியம் போன்றவற்றை உங்களிடம் இரண்டு தடவை உறுதி கேட்காமல் தொடங்கக் கூடாது. அப்படித் தொடங்கியதை நிறுத்த 155223.

பொதுவான புகாருக்கு 198. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள், இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். “பார்க்கிறோம் சார்” என்பது புகார் எண் அல்ல. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு நேராக எழுதினால் தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை, கம்பெனிக்கே அனுப்பிவிடுவார்கள்.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செல்போன் புகார் அங்கே செல்லாது என்று முன்பு கம்பெனிகள் வாதாடி வந்தன. செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். ரீசார்ஜ் ரசீது, எஸ்எம்எஸ்களின் ஸ்கிரீன்ஷாட், 198-ல் வாங்கிய புகார் எண், மேல்முறையீட்டுக்கு வந்த பதில், இந்த நான்கையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.